பிள்ளையை எங்கே கூட்டிட்டுப் போறது? கீழ்ப்பாக்கம் முதல் ஏர்வாடி வரை

திங்கள், கீழ்ப்பாக்கம்

"டீச்சர், பையன் ரெண்டு மாசமா ஒரு மாதிரி இருக்கான். யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான். ராத்திரி தூங்குறதே இல்ல. எங்க கூட்டிட்டுப் போறது?"

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்கும் யாரும் இதைக் கேட்காமல் ஒரு வருடத்தைக் கடந்திருக்க மாட்டார்கள். கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான். தனியார் டாக்டர் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சித்தாள் வேலைக்குப் போகும் அந்த அம்மா ஒரு தடவை பார்க்கக் கடன் வாங்குவார், மறுபடி போக மாட்டார். அரசு தரப்பில் இந்தப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டுக்கும் என்னதான் இருக்கிறது என்று நேரில் பார்த்துவிடலாம் என இந்தக் காலாண்டு விடுமுறையில் கிளம்பியிருக்கிறேன். என்னுடன் வருபவர் பல மாவட்டங்களில் மனநல சமூகப் பணியாளராக வேலை செய்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வழியில் சந்திக்கிறவர்களின் பெயர், ஊர், அடையாளங்களை மாற்றியோ விட்டுவிட்டோதான் எழுதுவேன்.

காலை ஏழரைக்கே மேடவாக்கம் டேங்க் ரோடு வாசலில் கூட்டம். 1794இல் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனை. தமிழில் ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். என் வகுப்பிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிச் சொல்லி நான் கண்டித்திருக்கிறேன். உள்ளே போனால் மரநிழல், நீண்ட தாழ்வாரம், சிகிச்சையில் இருப்பவர்கள் வேலை பழகும் ரொட்டி அடுமனை. 1961இல் இங்கே கண்காணிப்பாளராக வந்த டாக்டர் சாரதா மேனன்தான் புறநோயாளிப் பிரிவையும் மறுவாழ்வுப் பணிகளையும் வளர்த்தெடுத்தவர். சேர்த்துப் பூட்டிவைக்கும் இடம் என்ற நிலை மாறி, வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் இடமாக இது ஆனதில் அவர் பங்கு பெரியது.

புறநோயாளிப் பிரிவுக்கு வெளியே ஒரு தாத்தாவும் பேரனும். பையனுக்குப் பதினாறு இருக்கும். சட்டையின் மேல் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தான். அப்பா, அம்மா இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். "ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு முத பஸ்ஸ புடிச்சோம்மா" என்றார் தாத்தா. போன வருடம் அவர்கள் மாவட்டத்திலேயே ஓர் அரசு மருத்துவமனையில் காட்டி மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். பையன் தேறியிருக்கிறான், பள்ளிக்கும் போயிருக்கிறான். "நல்லாயிட்டான்னு நிறுத்திட்டோம். நாலு மாசத்துல பழையபடி ஆயிடுச்சு."

நிறுத்தியபோது ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கேட்டார்களா என்றேன்.

"யாரு கேப்பாங்க? நாமதான போவணும்."

வெளியே டீக்கடைக்கு வந்ததும் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மருந்து குடுக்க ஆள் இருக்கு. பேசறதுக்குக்கூட இப்ப கொஞ்சம் ஆள் வந்திருக்கு. வராம போனவங்களத் தேடிப் போக ஆள் இல்ல. இந்த வயசுப் புள்ளைங்க விஷயத்துல பாதி வேலை அதுதான்."

இந்தப் பயணத்தில் இனி பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் இதைக் கேட்டுக்கொண்டே போவது என்று முடிவு செய்தேன். இரவு எழும்பூரில் திருச்சி போகும் ராக்போர்ட் ரயில்.

செவ்வாய், திருச்சி மாவட்டம்

திருச்சிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. பெரிய ஊர்களில் மட்டும் இருந்த சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோக முடியுமா என்று பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்தது. முடியும் என்று தெரிந்தபின் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவானது. தமிழ்நாட்டில் அது முதலில் கால் வைத்தது திருச்சியில். இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட ஒரு குழு. வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் அவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குப் போய் உட்காருவார்கள். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை முகாமுக்குத்தான் போனோம்.

பழைய கட்டடத்தின் கடைசி அறை. வாசலில் செருப்புகள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகள் நிறைய. வந்தவர்களில் பாதிப் பேர் "நரம்பு டாக்டர் இங்கதான?" என்று கேட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். அறைக்குள் இரண்டு மேசை. ஒன்றில் டாக்டர், இன்னொன்றில் ஸ்டாஃப் நர்ஸ். நர்ஸ் மேசையில் காலிக்கோ அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கத்திலிருந்து, வந்தவர்களின் வரிசை. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினால், வராதவர்களின் வரிசை. அடுத்த தேதி சொல்லி அனுப்பியவர் ஒரு வாரம் கடந்தும் வரவில்லை என்றால் அவர் பெயர் பின்பக்கத்துக்குப் போகிறது. பெயர், ஊர், என்ன மாத்திரை, கூட வருபவர் யார், இரண்டு போன் நம்பர். ஒன்று வீட்டாருடையது. இன்னொன்று வீட்டார் அனுமதித்துச் சொன்ன யாரோ ஒருவருடையது: சித்தப்பா, எதிர்வீடு, ரேஷன் கடை. கடைசிக் கட்டத்தில் பென்சில் எழுத்து.

"போன் ஆஃப்."

"அம்மா கரும்பு வெட்டப் போயிருக்கு. தை பொறந்து வரும்."

"தூக்கமா வருதுன்னு அவனே நிறுத்திட்டான்."

"பொண்ணு பாக்க வர்றாங்களாம். இங்க வர மாட்டாங்க."

"வர்றேன்னு சொன்னான். செவ்வாய் திரும்பக் கூப்பிடணும்."

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நர்ஸ் தன் சொந்த போனிலிருந்து அந்த வரிசையில் கூப்பிட ஆரம்பித்தார். ரேஷன் கடை நம்பருக்கு அடிக்கும்போது ஆஸ்பத்திரி என்ற சொல்லே வாயில் வராது. "அவங்கள அக்காவுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கண்ணே" அவ்வளவுதான். இந்த வேலை அவருடைய பணிப் பட்டியலில் கிடையாது. அவர் வருவதற்கு முன் இந்த நோட்டும் கிடையாது. அவர் மாறுதலாகிப் போனால் நோட்டு என்ன ஆகும் என்று கேட்டேன். "அடுத்து வர்றவங்களுக்கு எழுதி வெச்சிட்டுப் போவேன் மேடம்" என்றார்.

எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. ஒரு மாவட்டத்தின் மனநலச் சிகிச்சையில் தொடர்ச்சி என்ற ஒன்று ஒரு தனி மனுஷியின் நல்ல மனதை நம்பி நிற்கக்கூடாது. அந்த நோட்டுக்கு ஒரு பதவி வேண்டும், ஒரு சம்பளம் வேண்டும், போகவர ஒரு வண்டி வேண்டும்.

உளவியலாளர் பக்கத்து அறையில். கை முழுக்கப் பழைய தழும்புகள் உள்ள பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அவளுடைய அம்மாவுடன் வந்திருந்தாள். அனுமதி கேட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். பெண்ணிடம் தனியாகப் பேசி முடித்தபின் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அம்மாவை அழைத்தார் உளவியலாளர். பெண்ணைப் பற்றித்தான் கேட்பார் என்று அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தயாராக இருந்தார். "நீங்க நல்லா தூங்குறீங்களாம்மா?" என்றார் அவர். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷம் பதில் வரவில்லை. பிறகு வந்தது எல்லாம்: குடித்துவிட்டு வரும் கணவர், இரண்டு வருடமாக ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் கண் அசரும் உடம்பு, அடுப்படியில் நின்றபடி எதற்கென்று தெரியாமல் வரும் அழுகை. அன்றைக்கு அந்த அம்மாவுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே கிழமை, ஒரே பஸ். அப்பாவைக் கூப்பிட யார் போவது என்பதுதான் பாக்கி. குடிநோய் சிகிச்சைக்கு 2025இல் "கலங்கரை" என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் மையங்கள் திறந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதர் தானாகக் கிளம்பி அங்கே வரும்வரை மகள் காத்திருக்க முடியாதே.

வளரிளம் பருவத்துச் சிகிச்சை என்று தனியாக ஒன்றைப் பேசுகிறோம். அந்தப் பிள்ளை சாயங்காலம் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான்.

சாயங்காலம் குணசீலம். சேலம் சாலையில், காவிரியின் வடகரை. புரட்டாசி என்பதால் பெருமாள் கோயிலில் நல்ல கூட்டம். மனம் பிறழ்ந்தவர்களை இங்கே 48 நாள் தங்கவைத்து, உச்சியிலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும் வழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. இப்போது கோயில் சார்பில் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் இருக்கிறது. படித்தவர்கள் இதைப் பார்த்துச் சட்டென்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடு இல்லை. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டின் வேறொரு கோயிலில் சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்த 31 பேரைப் பரிசோதித்ததில், மருந்தில்லாமலே நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. கட்டிப்போடாத, விரட்டாத, வீட்டாள் ஒருவர் கூடவே இருக்கிற இடம் என்பதைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னார்கள். அந்தச் சூழலை நம் மருத்துவமனைகள் கோயிலிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். மருந்து தேவைப்படும் பிள்ளையை மருந்தில்லாமல் 48 நாள் வைத்திருப்பதும் தவறு. குடும்பங்கள் முதலில் வருவது இங்கே என்றால், டாக்டரும் இங்கே வர வேண்டும்.

புதன், புதுக்கோட்டை

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். 2010இல் சென்னையின் ஸ்கார்ப் என்ற மனநல நிறுவனம் இந்த மாவட்டத்தில் ஒரு வேலை செய்தது. சாரதா மேனன் 1984இல் முன்னின்று தொடங்கிய அமைப்பு அது. ஒரு பஸ்ஸையே மருத்துவ அறையாக மாற்றி கிராமங்களுக்கு அனுப்பினார்கள். உள்ளே திரை, அதில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார். பஸ்ஸிலேயே மருந்து கொடுப்பார்கள். கூட்டம் சேர்ந்ததும் வெளிப்பக்கத் திரையில் மனநோய் பற்றிப் படம் ஓடும்.

அந்த வண்டியை நினைவில் வைத்திருந்த ஓர் அங்கன்வாடிப் பணியாளரைப் பார்த்தோம். வண்டியைப் பற்றிக் கேட்டால் அவர் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. வண்டி வருவதற்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய் "நாளைக்கு வருது, மறக்காம வந்துருங்க" என்று சொல்ல உள்ளூரிலிருந்தே ஆள் எடுத்திருந்தார்களே, அவர்களைப் பற்றித்தான் பேசினார். "அந்தப் புள்ள வந்து கூப்புட்டதாலதான் போனாக. இல்லாட்டி பஸ்ஸு வந்து நின்னுட்டுப் போயிருக்கும்."

இனி கொஞ்சம் எண்கள், அவசியம் என்பதால். நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. நாற்பது பேர் உள்ள என் வகுப்பில் மூன்று பிள்ளைகள். சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பின்படி, மனநோய் வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் 14 வயதுக்குள்ளேயே அது தொடங்கிவிடுகிறது. 18க்குள் ஏறக்குறைய பாதிப் பேர். அதாவது பள்ளிக்கூடத்தில் எங்கள் கண்முன்னேதான் தொடங்குகிறது.

மத்தியானம் ஒரு கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலரோடு தெருத்தெருவாக நடந்தேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். தோளில் பை, பைக்குள் பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் கருவி, மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அவரால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படி வரை போக முடிகிறது. அப்படி ஒரு நுழைவு எந்த டாக்டருக்கும் கிடைக்காது. ஒரு ஓட்டு வீட்டில் பாட்டிக்கு பிரஷர் எடுத்துக்கொண்டிருந்தபோது உள் அறையில் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"அவுக பேத்தி. நர்சிங் படிக்கப் போயிட்டுத் திரும்பி வந்துருச்சு. சாப்புடாது, குளிக்காது. யாரோ செஞ்சு வெச்சுட்டாகன்னு கயிறு கட்டியிருக்காக. எனக்குத் தெரியும்க்கா, மாசாமாசம் பாக்குறேன்ல. யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னுதான் தெரியல."

அக்கா அங்கேயே நின்று மாவட்ட மனநலக் குழு இந்தத் தாலுகாவுக்கு வரும் கிழமையை அவருக்கு எழுதிக்கொடுத்தார். 14416 என்ற எண்ணையும். டெலி மானஸ் என்ற இந்த இலவச உதவி எண் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

மாதாமாதம் வீட்டுக்குள் போகும் ஒரு பெண். அவர் கண்ணில் படும் ஒரு நோயாளி. அவர்களுக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி வாரம் ஒருநாள் வரும் டாக்டர். மூன்றுமே அரசாங்கத்துடையவை. இவற்றைக் கோத்துவிடப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு நான்கு நாள் பயிற்சியும், அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள மறுமுனையில் ஓர் ஆளும், அந்த வேலைக்கென்று கூடுதல் ஊக்கத்தொகையும் போதும். ஏற்கெனவே குறைந்த தொகைக்கு நடையாய் நடக்கிறவர் தலையில் இதையும் சும்மா ஏற்றுவது நியாயம் ஆகாது.

வியாழன், ஏர்வாடி

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வழியாகப் போகிற பஸ். வியாழன் இரவு தர்காவில் கூட்டம் கூடும் என்பதால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. எனக்கு முன் இருக்கையில் ஒரு தகப்பனார், பக்கத்தில் பத்தொன்பது இருபது வயது மகள். அவர் தன் மேல்துண்டின் ஒரு முனையை மகளின் மணிக்கட்டில் சுற்றி, மறு முனையைத் தன் கையில் பிடித்திருந்தார். இறங்கும் வரை அதை விடவில்லை. அவள் ஓடிப்போய்விடுவாளோ என்ற பயம் என்று அக்கா மெல்லச் சொன்னார். இரண்டு முறை அப்படி ஓடியிருக்கிறாள் என்று தகப்பனாரே பிறகு சொன்னார்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இந்த ஊரில் மொய்தீன் பாதுஷா என்ற காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் மீட்கப்பட்டனர். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தபோது, எவரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று அதில் நேராகவே எழுதப்பட்டது.

காப்பகம் நடத்தியவர்களின் குற்றம் குற்றம்தான். ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பற்றி இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பலர் வெகு தொலைவிலிருந்து வந்தவர்கள். வழியில் எத்தனை அரசு மருத்துவமனைகளைத் தாண்டி வந்திருப்பார்கள்? அந்த மருத்துவமனைகளில் அன்றைக்கு அவர்களுக்கு என்ன இருந்தது? ஒன்றும் இல்லாதபோது குடும்பம் இறைவனிடம் போகும், கொட்டகைக்கும் போகும்.

இன்றைய ஏர்வாடியில் தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவம் நடக்கிறது. தவா-துஆ, மருந்தும் பிரார்த்தனையும். தர்காவில் ஓதிவிட்டு வருகிறவர்களை மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறார்கள். மருத்துவர் யாரையும் துஆவை விட்டுவிட்டு வரச் சொல்வதில்லை. குஜராத்தின் உனாவா தர்காவில் முன்பே செய்து பார்த்த முறை. பஸ்ஸில் பார்த்த தகப்பனாரை இரண்டு மணி நேரம் கழித்து அங்கே வரிசையில் பார்த்தேன். ஓதிய பெரியவரே கையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். துண்டு இப்போது அவர் தோளில் இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "ஊர்ல டாக்டர்ட்ட போவோம்னா இவ ஆத்தா விடமாட்டா. இங்க தர்காவுல சொன்னாகன்னா கேட்டுக்குவா" என்றார்.

நல்ல ஏற்பாடு. ஆனாலும் என் கேள்வி இங்கேயும் நிற்கிறது. அவர் ஊர் இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணம். மாத்திரை ஒரு மாதத்துக்கு. அடுத்த மாதம் அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தாலுகா மருத்துவமனைக்கு இந்தப் பெண்ணின் விவரம் போய்ச் சேருமா? அக்கா சீட்டைப் போட்டோ எடுத்து, தகப்பனாரைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் மாவட்டக் குழுவில் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார். தெரிந்தவர் இருந்ததால் முடிந்தது.

சட்டம் இந்த வயதினருக்கு என்ன சொல்கிறது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பெற்றோர் பலருக்கு இது தெரியாததால்தான் சேர்க்கவே பயப்படுகிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. அம்மா, அப்பா அல்லது பொறுப்பாளர் கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளைக்குத் துணை இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையுள்ள தாய் சிகிச்சைக்குச் சேர்ந்தால் குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது, கவனிக்க வேண்டியது அரசின் கடமை. இந்தக் கடைசி வரி ஒவ்வொரு பள்ளி ஆசிரியர் அறையிலும் ஒட்டியிருக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வயிற்றைக் கழுவியதும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிற குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகளை மறுபடி யாரும் பார்ப்பதில்லை. ஒரு முறை முயன்றவருக்கு அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் ஆபத்தானவை.

வெள்ளி, மதுரை

இன்று சுருக்கமாக. கால் வலி.

மதுரைக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளியின் ஆசிரியை, என் பழைய சக ஊழியர், விடுமுறையிலும் எனக்காகப் பள்ளிக்கு வந்தார். அவர் பள்ளியில் ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஓர் அம்மாவும் சேர்ந்து போகிறார்கள். போய் "ஏன் வரல?" என்று கேட்பதில்லை. "சாப்ட்டியா, தூங்கினியா?" என்றுதான் ஆரம்பிப்பார்களாம். இரண்டு மாணவர்கள் இப்படித்தான் மாவட்ட உளவியலாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறைக்கு நடமாடும் ஆலோசனை வண்டி உண்டு. ஒரு வண்டிக்குப் பல மாவட்டங்கள் என்பதால் ஒரு பள்ளிக்கு அது எப்போதாவதுதான் வரும். 14417 என்ற மாணவர் உதவி எண்ணும் உண்டு, தேர்வு முடிவு வரும் நாட்களில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசகர்கள் மாணவர்களோடு பேசுகிறார்கள். எல்லாம் தேவைதான். வீட்டுக் கதவைத் தட்டும் கைக்கு அவை ஈடாகாது.

ஒன்றை மட்டும் நன்றியோடு சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் தவறியவர்கள் ஒரு வருடம் காத்திராமல் உடனே துணைத் தேர்வு எழுதும் வழியை இந்த மாநிலம் ஏற்படுத்தியது. அதை யாரும் மனநலத் திட்டம் என்று அழைக்கவில்லை. ஆனால் 1986இல் சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் பல வருடங்களாக எடுத்துக்காட்டுவது அதைத்தான். கல்வித் துறையின் ஒரு ஆணையும் உயிரைக் காக்க முடியும்.

சனி, வீடு

திரும்பி வந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கவும், நகலைச் சுகாதாரத் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் அனுப்பவும் எண்ணம். கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும், வராமல் போன பிள்ளைகளையும் அவர்கள் குடும்பத்தையும் தேடிப்போவதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒரு பணியாளர். உள்ளூர்க்காரராக இருந்தால் நல்லது. சுகாதாரத் தன்னார்வலர், கிராம சுகாதார செவிலியர், வகுப்பாசிரியர் மூவரும் அவரிடம் சொல்லலாம். வேறு மாவட்டத்துக்குப் போய்விட்ட குடும்பத்தை அந்த மாவட்டப் பணியாளரிடம் அவர் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸின் நோட்டை, பெயர்களையெல்லாம் நீக்கி, கட்டங்களை மட்டும் வரைந்து மனுவோடு இணைக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன். "நல்லா பண்ணுங்க மேடம்" என்றார்.

பிள்ளையை அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு: உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்ட மனநலத் திட்டம் எங்கே என்று கேளுங்கள். உங்கள் தாலுகாவுக்குக் குழு வரும் கிழமையைச் சொல்வார்கள். எப்போதிலிருந்து தூக்கம், சாப்பாடு, பேச்சு மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை இருந்தால் எடுத்துப்போங்கள். பிள்ளையோடு டாக்டர் தனியாகப் பேச இடம் கொடுங்கள். உங்களுக்கே தூக்கம் இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நன்றாக ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். போகும் நாள்வரை பொறுக்க முடியாது என்று தோன்றினால் 14416. பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னால் கிழமை பார்க்காமல் 108ஐ அழையுங்கள், பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ஓ.பி.யில் நம்பர் கேட்டால் இரண்டு நம்பர் கொடுங்கள். ஒன்று ஆஃப் ஆனாலும் இன்னொன்றில் உங்களைக் கூப்பிட முடியும்.